மறுவாழ்வு முகாம் பக்கத்தில் ஒரு மாலை நேர கிளினிக்: செட்டிநாட்டில் தொடங்க நினைப்பவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் வட்டாரத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றின் பக்கத்தில் சின்னதாக ஒரு கிளினிக் தொடங்கலாமா என்று அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள். தாராளமாகத் தொடங்கலாம். டாக்டர் கிடைப்பார், பணமும் வரும். தர்ம காரியம் என்று சொல்லிக் கேட்டால் வெறுங்கையோடு அனுப்புகிற ஊர் இல்லை இது. ஆளை அலைக்கழிப்பது காகிதம்தான். ஓர் அலுவலகத்தில் கேட்கும் தாள் இன்னோர் அலுவலகத்தில் கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கும். அங்கே போனால் இங்கே உள்ளதைக் கொண்டு வா என்பார்கள். நாங்கள் அப்படி அலைந்துதான் வரிசையைக் கண்டுபிடித்தோம். அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். எல்லாம் முடிய ஆறு மாதம் ஆகும் என்று மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

1. எதையெல்லாம் செய்யப் போவதில்லை என்று முதலில் எழுதுங்கள்

ஆசைக்கு அளவே இருக்காது. பத்துப் படுக்கை, ஸ்கேன், பிரசவ வார்டு என்று முதல் கூட்டத்திலேயே பேச்சு வளரும். வேண்டாம். வெளிநோயாளிப் பிரிவு மட்டும், அதாவது ஓ.பி. மட்டும் என்று தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

படுக்கை வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. படுக்கை வைத்தால் கட்டடம், ஆள், கழிவு என்று எல்லா விதிகளும் ஒரு படி கூடும். அதோடு, 2025 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டப்படி, வெளிநாட்டவரை உள்நோயாளியாகச் சேர்க்கும் மருத்துவமனை அவர்கள் விவரத்தைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். முகாம் மக்களில் பெரும்பாலோர் சட்டத்தின் கண்ணில் இன்னும் வெளிநாட்டவர்தான். காய்ச்சலுக்கு ஒரு ராத்திரி படுக்க வைத்துவிட்டு அதற்குத் தாள் அனுப்பிக்கொண்டிருக்கும் வேலை ஒரு சின்ன கிளினிக்குக்கு எதற்கு? படுக்க வைக்க வேண்டிய ஆளை அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

ஸ்கேன் மெஷின் இன்னும் ஆபத்து. சிங்கப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ யாராவது ஒருவர், "பழைய ஸ்கேன் மெஷின் ஒன்று சும்மா கிடக்கிறது, கொடுத்து விடுகிறேன்" என்பார். கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி, பதிவில்லாத இடத்தில் அந்த மெஷின் இருந்தாலே குற்றம். கிளினிக்கை சீல் வைக்கலாம். எக்ஸ்ரே என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் மெஷின், எடை மெஷின், நெபுலைசர், ஆக்சிஜன் அளவு பார்க்கும் சின்னக் கருவி, ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

2. எந்த மாவட்டம் என்பதைக் கவனியுங்கள்

நமக்குச் செட்டிநாடு ஒன்று, அரசுக்கு இரண்டு. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கமெல்லாம் சிவகங்கை மாவட்டம். திருமயம், பொன்னமராவதி பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். லேனாவிளக்கு முகாம் புதுக்கோட்டை மாவட்டத்தில் வருகிறது. காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு சிவகங்கை கலெக்டர் அலுவலகத்துக்கு மனுப் போட்டால் அது சுற்றிச் சுற்றி உங்களிடமே திரும்பி வரும். கிளினிக் கட்டடம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகமும் (எல்லாரும் ஜே.டி. ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்) மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகமும் அந்த மாவட்டத்துடையதுதான். முகாம் ஒரு மாவட்டம், கட்டடம் இன்னொரு மாவட்டம் என்று மட்டும் அமைத்துவிடாதீர்கள். நோயாளியை எந்தப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவது என்பதும் இதைப் பொறுத்ததுதான்.

3. டிரஸ்ட் பத்திரம்

தனி ஆள் பெயரில் நடத்தலாம். ஆனால் நன்கொடை வாங்க முடியாது, அந்த ஆளுக்கு உடம்பு முடியாமல் போனால் கிளினிக்கும் படுத்துவிடும். சொசைட்டி என்றால் 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம், கணக்குத் தாக்கல் என்று வேலை அதிகம். சின்ன முயற்சிக்குப் பொது அறக்கட்டளையே சுலபம். சார் பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிய வேண்டும்.

தேவைப்படுபவை: டிரஸ்டிகள் அத்தனை பேரின் ஆதார், பான் கார்டு, புகைப்படம், இரண்டு சாட்சிகள், அலுவலக முகவரிக்கு வீட்டு வரி ரசீது, வீடு வேறு ஒருவருடையது என்றால் அவரிடமிருந்து ஆட்சேபணையில்லாக் கடிதம். முத்திரைத்தாள் செலவை விட எழுத்தர் கூலிதான் கூட வரும். கூலியை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

பத்திரத்தில் இரண்டு வரிகளைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று, நோக்கம். "இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு மட்டும்" என்று எழுதினால் பக்கத்துக் கிராமத்துக்காரர் வந்தால் பார்க்க முடியாது. ஊருக்குள் தேவையில்லாத மனத்தாங்கலும் வரும். "முகாம் வாழ் மக்கள் உள்ளிட்ட ஏழை எளியோர், சாதி மத பேதமின்றி" என்று எழுதுங்கள். வருமான வரி விலக்குக்கும் இந்த வாசகம் உதவும். இன்னொன்று, டிரஸ்ட் கலைந்தால் சொத்து அதே நோக்கமுள்ள வேறு அறக்கட்டளைக்குப் போகும் என்ற வரி. இது இல்லாமல் வரி விலக்கு விண்ணப்பம் போனால் கேள்வி வரும்.

முகாமிலிருந்து ஒருவரை டிரஸ்டியாகப் போடலாமா? மனசு போடச் சொல்லும். ஆனால் நிர்வாகக் குழுவில் வெளிநாட்டுக் குடிமகன் இருந்தால் பின்னால் வெளிநாட்டு நிதி அனுமதி கேட்கும்போது சிக்கலாகும். அதனால் ஆலோசனைக் குழு என்று தனியாக ஒன்று வைத்து, முகாம் தலைவர், மகளிர் குழு அக்காமார் இரண்டு பேர், ஒரு இளைஞர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குழு கூடாமல் எந்த முடிவும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டால் டிரஸ்டி பதவியை விட அதற்கு மரியாதை கூடும்.

பத்திரம் கைக்கு வந்த வாரமே பான் கார்டு, அப்புறம் வங்கிக் கணக்கு, அப்புறம் 12ஏ (டிரஸ்டின் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை) தற்காலிகப் பதிவு. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. ஆனால் ஆடிட்டர்கள் பேச்சில் இன்னும் பழைய எண்கள்தான். தற்காலிகப் பதிவை முறையான பதிவாக மாற்றத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதை மறந்து போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

4. இடம்: இங்கேதான் செட்டிநாடு வேலையைக் காட்டும்

ஊரில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்த்தால் யாருக்கும் தோன்றும், முகப்பில் கிளினிக், வளவில் (உள்முற்றத்தில்) நோயாளிகள் காத்திருக்க இடம், பின்கட்டில் மருந்து அறை என்று. வீட்டுக்காரர் ஒருவரும் சந்தோஷமாகச் சரி என்பார். அந்த ஒருவரின் சரி போதாது. பெரும்பாலான வீடுகள் பல பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்டவை. ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் பெயர் பட்டாவில் இருக்கிறது ஆனால் அவர் காலமாகி வாரிசு நான்கு பேர். அத்தனை பேர் கையெழுத்தும் இல்லாத வாடகை ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு தொடங்கினால், நாளைக்கு அவர்களில் யார் வந்து பூட்டுப் போட்டாலும் நீங்கள் வாய் திறக்க முடியாது.

பெரிய வீடுதான் வேண்டும் என்றால் கையெழுத்து வாங்கக் காலம் பாருங்கள். பிள்ளையார் நோன்புக்கும் குலதெய்வப் படைப்புக்கும் வீட்டுக் கல்யாணத்துக்கும் பங்காளிகள் ஊருக்கு வருவார்கள். ஒப்பந்தத்தை முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்திருந்து, வந்த இடத்தில் ஆச்சிமார் காதில் முதலில் போட்டு வைத்தால் வேலை நடக்கும். வெளிநாட்டில் இருப்பவர் அங்கிருந்தே அதிகாரப் பத்திரம் அனுப்பலாம்; அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால் பெரிய வீடு வேண்டாம். திண்ணை உயரம் ஒரு பிரச்சனை. முழங்கால் வலியோடு வரும் பாட்டி ஏற மாட்டார், சாய்தளம் கட்ட வீட்டுக்காரர் விட மாட்டார். முகாமிலிருந்து நடந்து வரும் தூரத்தில், பஸ் நிறுத்தம் பக்கம், ஒரே உரிமையாளர் பெயரில் உள்ள இரண்டு அறைக் கட்டடம் போதும். டாக்டர் அறைக்குக் கதவு வேண்டும், திரை போதாது. தண்ணீர், கழிப்பறை, காத்திருக்க நிழல் வேண்டும். எங்கள் பக்கம் இப்படி ஒரு கட்டடம் மாதம் 5,000 முதல் 8,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

ஒப்பந்தம் 11 மாதம் என்றால் பதிய வேண்டாம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் கிளினிக் பதிவு ஐந்து ஆண்டுக்குக் கிடைக்கும்போது கையில் 11 மாதத் தாள் வைத்திருப்பது சரியாக இருக்காது. குறைந்தது மூன்று ஆண்டுக்கு எழுதி, சார் பதிவாளரிடம் பதிந்துவிடுங்கள். காரைக்குடி மாநகராட்சி, தேவகோட்டை நகராட்சி போன்ற நகர எல்லைக்குள் என்றால் வாடகை அதிகாரியிடமும் பதிவெண் வாங்க வேண்டும்.

முகாமுக்கு உள்ளேயே ஒரு அறை தருகிறோம் என்று மக்கள் அன்போடு சொல்வார்கள். அந்த இடம் அரசுக் கட்டுப்பாட்டில் உள்ளது. தர அவர்களுக்கு உரிமையில்லை, எடுக்க உங்களுக்கும் இல்லை.

5. முகாமுக்குள் போக அனுமதி

கட்டடம் வெளியே இருந்தாலும் முகாமுக்குள் போகாமல் இந்த வேலை நடக்காது. முகாம்களை நடத்துவது மறுவாழ்வுத் துறை ஆணையரகமும், மாவட்டத்தில் கலெக்டரும், அவருக்குக் கீழே வருவாய்த் துறையும். போலீஸில் கியூ பிராஞ்ச் என்கிற உளவுப் பிரிவு தனியாகக் கவனிக்கும். நீங்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை பார்க்க ஆரம்பித்த இரண்டாம் நாள் ஒருவர் வந்து நீங்கள் யார் என்று விசாரிப்பார். அவர் வருவதற்கு முன்னால் கையில் தாள் இருக்கட்டும்.

கலெக்டருக்கு மனு எழுதுங்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் அங்கேயே எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் பின்னால் தொடர முடியும். நகல்கள் ஆணையரகத்துக்கும், தாசில்தாருக்கும், ஜே.டி. ஆபீஸுக்கும், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும். மனுவோடு வைக்க வேண்டியவை: டிரஸ்ட் பத்திர நகல், உள்ளே வரப்போகும் ஒவ்வொருவரின் பெயர், ஆதார், படம், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு, என்ன செய்யப் போகிறீர்கள் என்ற ஒரு பக்கக் குறிப்பு. "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்றே எழுதுங்கள்; 2021-லிருந்து அரசுக் கோப்புகளில் அதுதான் பெயர்.

தேர்தல் அறிவித்துவிட்டால் கோப்பு அசையாது. அதைக் கணக்கில் வையுங்கள். அனுமதி வந்த பிறகு புதிதாக ஒரு தன்னார்வலர் சேர்ந்தால் அவர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டே உள்ளே அழைத்துப் போங்கள். படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளருக்கு அனுப்ப ஒரே ஒரு படம் என்று ஆரம்பித்து முகாமே கதவைச் சாத்திக்கொண்ட கதை உண்டு.

ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984-லிருந்து முகாம்களில் வேலை செய்கிறது. உங்கள் முகாமில் அவர்கள் பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர் யாராவது இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. எந்த வீட்டில் யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது அவருக்கு மனப்பாடமாக இருக்கும்.

6. கிளினிக் பதிவும் ஆட்களும்

1997-ம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒற்றை டாக்டர் கிளினிக்கும் பதிய வேண்டும். இலவசம் என்பதால் விலக்குக் கிடையாது. விண்ணப்பம் ஆன்லைனில், ஆய்வு ஜே.டி. ஆபீஸ் மூலம், சான்று ஐந்து ஆண்டுக்கு.

கேட்கப்படுபவை: கட்டட ஒப்பந்தம், வரைபடம், டாக்டரின் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு, செவிலியரின் கவுன்சில் பதிவு, மருத்துவக் கழிவு ஒப்பந்தம் (இதைப் பற்றி அடுத்த பகுதியில்). ஓய்வுபெற்ற டாக்டர்களிடம் கவனம் தேவை. மனிதர் தங்கமாக இருப்பார், பதிவைப் புதுப்பித்திருக்க மாட்டார். வேறு மாநிலத்தில் பதிந்தவர் என்றால் தமிழ்நாட்டுக் கவுன்சிலுக்கு மாற்றிய பிறகே உட்கார வேண்டும்.

ஆய்வுக்கு வரும்போது டாக்டரின் சான்று சுவரில் மாட்டியிருக்க வேண்டும். அவசர மருந்துத் தட்டு தயாராக இருக்க வேண்டும், அதில் காலாவதியான ஊசி இருக்கக் கூடாது. போர்டில் "மருத்துவமனை" என்று எழுதாதீர்கள், கிளினிக் என்றே போடுங்கள்.

டாக்டர் வராத நாளில் கிளினிக் திறக்கக் கூடாது. இதில் தயவு தாட்சண்யமே வேண்டாம். "சிஸ்டர், ஒரு ஊசி மட்டும் போட்டு விடுங்கோ" என்று கூலி வேலை முடிந்து வந்தவர் நிற்பார், பாவமாகத்தான் இருக்கும். போட்ட ஊசி ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் போலி மருத்துவம் என்று வழக்கு வரும், அன்றோடு எல்லாம் முடிந்தது.

எங்கள் பக்கச் செலவு: டாக்டருக்கு ஒரு மாலைக்கு 1,500 முதல் 2,000 ரூபாய், செவிலியருக்கு மாதம் 12,000 முதல் 15,000. வரவேற்பில் உட்கார முகாமிலிருந்தே ஒரு பெண்ணை வையுங்கள். வருகிறவர்கள் தயக்கமில்லாமல் பேசுவார்கள்.

7. கழிவு

ஒரு ஊசி போட்டாலும் மருத்துவக் கழிவுதான். 2016-ம் ஆண்டு விதிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். படுக்கையில்லாத கிளினிக்குக்கு ஒரு முறை வாங்கினால் போதும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்து, பொதுச் சுத்திகரிப்பு நிறுவனத்தின் வண்டியில் ஏற்ற வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இங்கேதான் சின்ன கிளினிக்குக்குத் தொல்லை: உட்பகுதிக்கு வண்டி தினமும் வராது. உங்கள் ஓ.பி. நாளையே வண்டி வரும் நாளுக்கு முந்தின மாலையாக வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கட்டணம் ஆயிரம் ரூபாய்க்கு முன்பின். ஆண்டறிக்கை ஜூன் 30-க்குள். வேலை செய்யும் எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டு, தேதியை எழுதி வையுங்கள்.

8. மருந்து

டாக்டர் தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கலாம், மருந்துக்கடை உரிமம் தேவையில்லை. ஆனால் கடை போலத் திறந்து வைத்து யார் சீட்டு கொண்டுவந்தாலும் கொடுக்கக் கூடாது. மருந்தை உரிமம் பெற்ற மொத்த வியாபாரியிடம்தான் வாங்க வேண்டும். டாக்டர் பெயரில் பில் வேண்டும். அந்தப் பில்களை அடுக்கி வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். இந்த எல்லையைத் தாண்ட நினைத்தால் மருந்தாளுநர், உரிமம் என்று தனிப் பாதை.

பட்டியல் சின்னதாக இருக்கட்டும். பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., ஜிங்க், செட்ரிசின், அமாக்சிசிலின், மெட்ஃபார்மின், ஆம்லோடிபின், சால்புட்டமால் இன்ஹேலர், பூச்சி மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, தோலுக்கு இரண்டு மூன்று களிம்பு. களிம்பு அதிகம் வாங்குங்கள். முகாம் ஆண்களில் நிறையப் பேர் பெயிண்டிங் வேலை. தின்னரில் கை கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்து, நகத்தடியில் பட்டி மாவு அப்பியபடி வருவார்கள். கையைக் காட்டவே மாட்டார்கள். இருமலுக்குத்தான் வந்தேன் என்பார்கள். கையை நீங்களாகத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். சுவர் தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டினாயா, தின்னருக்குப் பதில் தேங்காயெண்ணெயும் சோப்பும் போட்டுப் பார்த்தாயா என்று டாக்டர் கேட்கும் நேரம் மாத்திரையை விடப் பலன் தரும்.

அட்டைப் பெட்டியில் மருந்து கொண்டுவந்து கொடுக்கும் நல்லவர்களிடம் எச்சரிக்கை. பாதி சாம்பிள், மீதி அடுத்த மாதம் காலாவதி. வாங்கி வைத்துவிட்டால் அதை அழிக்கும் செலவு உங்கள் தலையில். மருந்துக்குப் பதில் பணமாகக் கேளுங்கள். வாரம் மூன்று மாலை, மாலைக்கு முப்பது பேர் என்றால் எங்களுக்கு மாதம் 20,000 முதல் 30,000 வரை மருந்துக்கே போகிறது.

தடுப்பூசி எதையும் வைக்காதீர்கள். நாய்க்கடி, பாம்புக்கடி வந்தால் நேராக அரசு மருத்துவமனை. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு வண்டி வரும்வரை கூட இருங்கள்.

9. பணம்: எதை வாங்கலாம், எதை வாங்கவே கூடாது

நம் ஊர்க் கொடையாளிகளுக்குக் கல்வெட்டு பிடிக்கும். கட்டடம், மெஷின், ஆம்புலன்ஸ் என்றால் உடனே கிடைக்கும். செவிலியர் சம்பளம் என்றால் யோசிப்பார்கள். அதனால் மாதச் செலவைத் துண்டு துண்டாக்கிக் கேளுங்கள். "அப்பாவின் அறுபதாம் சாந்திக்கு ஒரு மாத மருந்து", "பேரன் பிறந்த நாளுக்கு நாலு மாலை டாக்டர் செலவு" என்றால் மனசு வரும். பெயரைக் கரும்பலகையில் அந்த மாதம் முழுக்க எழுதி வையுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி சலுகை கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரசீது கொடுத்த பிறகு சொன்னால் சண்டைதான்.

இப்போது முக்கியமான இடம். வெளிநாட்டுப் பணம். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். பதிவுக்கு டிரஸ்ட் தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாயாவது தன் நோக்கத்துக்குச் செலவு செய்திருக்க வேண்டும், அப்புறம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்குத் திறக்க வேண்டும். முதல் மூன்று ஆண்டு அந்தப் பக்கமே பார்க்காதீர்கள்.

ஆனால் யார் கொடுப்பது வெளிநாட்டுப் பணம் என்பதில்தான் நம்மவர்கள் வழுக்குகிறார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சித்தப்பா தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. பாஸ்போர்ட் நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அதே சித்தப்பா சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் என்றால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும், காரைக்குடிக்கு வந்து இந்திய ரூபாயில் கொடுத்தாலும், அது வெளிநாட்டுப் பணம்தான். மலேசியப் பெரியம்மா பெட்டியில் கொண்டுவந்து டிரஸ்டுக்குக் கொடுக்கும் சர்க்கரை மெஷினும் அதே கணக்கு.

இன்னும் ஒன்று யாருக்கும் தோன்றாது. வாசலில் உண்டியல் வைப்பது. முகாம்காரர் இலங்கைக் குடிமகன் என்றால், அவர் அன்போடு போடும் பத்து ரூபாயும் சட்டப்படி வெளிநாட்டவர் கொடை. கனடாவில் இருக்கும் அவர் தம்பி அனுப்பும் பணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் சிகிச்சைக்கு வாங்கும் கட்டணம் கொடை ஆகாது. அதனால் உண்டியலை எடுத்துவிட்டு, பத்து ரூபாய் ஓ.பி. சீட்டு வைத்து, எல்லாருக்கும் ரசீது கொடுங்கள். சும்மா வாங்க மாட்டேன் என்று கூச்சப்படுபவர்களும் அப்போது நிமிர்ந்து வருவார்கள். இல்லாதவரிடம் கேட்காமல் விடுவது சீட்டு எழுதுபவர் சாமர்த்தியம்.

10. அரசு ஏற்கெனவே கொடுப்பதைக் கொண்டு சேருங்கள்

கிளினிக்கின் பெரிய பயன் இதுதான் என்பது என் கட்சி. மாத்திரை கொடுப்பதை விட, சரியான கவுண்டருக்கு ஆளை அனுப்புவதில் அதிகம் காப்பாற்றலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம் பதிவுள்ளவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இது தெரியாமல், ஆபரேஷன் என்றதும் வட்டிக்கு வாங்க ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு, முகாம் அதிகாரியின் சான்றோடும் குடும்ப அட்டையோடும் போக வேண்டும். நோய் வந்த பிறகு ஓட வேண்டாம். கிளினிக் திறந்த முதல் இரண்டு மாதத்தில் யாரிடம் அட்டை இல்லை என்று பட்டியல் எடுத்து, ஒரே வண்டியில் பத்துக் குடும்பமாக அழைத்துப் போங்கள். தாள்களை முந்தின நாளே சரிபார்க்க வேண்டும். எல்லாத் தாளும் ஒரு மஞ்சப்பையில்தான் இருக்கும். அதில் ஒருவர் பெயர் முகாம் அட்டையில் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி இருக்கும். தலைப்பெழுத்து மாறியிருக்கும். அதை முதலில் திருத்த வேண்டும். ஆஸ்பத்திரி படுக்கையிலிருந்து திருத்த முடியாது.

சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக மாத்திரை வீட்டுக்கே வரும். நீங்கள் கண்டுபிடித்த நோயாளிகளை அந்தத் தன்னார்வலரின் பட்டியலில் ஏற்றிவிட்டால் உங்கள் மருந்துச் செலவு பாதியாகும்.

கர்ப்பிணி வந்தால் அன்றைக்கே கிராம சுகாதாரச் செவிலியரிடம் அனுப்பி பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததற்கான எண்) வாங்க வைத்துவிடுங்கள். குழந்தை பிறந்ததும் பிறப்புச் சான்றுக்கு அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். இந்த மக்களுக்குப் பிறப்புச் சான்று எவ்வளவு முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை.

சாரத்திலிருந்து விழுந்தவர் போன்ற விபத்துகளுக்கு அரசு மருத்துவமனை. சாலை விபத்து என்றால் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. காசநோய் சந்தேகம் என்றால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். உறுதியானால் அரசின் காசநோய்ப் பதிவுக்கான நிக்ஷய் தளத்தில் பதிவது தனியார் கிளினிக்குக்கும் கட்டாயம்.

பரிந்துரைச் சீட்டில் "மேல் சிகிச்சைக்கு" என்று மட்டும் எழுதினால் ஆள் போக மாட்டார். காரைக்குடி அரசு மருத்துவமனையா, சிவகங்கை மருத்துவக் கல்லூரியா, புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரியா, எந்தப் பிரிவு, என்ன கிழமை, எந்தத் தாள்கள், எத்தனை மணி பஸ் என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். ஒரு நாள் கூலி போவதால்தான் பலர் போவதில்லை. ஒரே நாளில் வேலை முடியும்படி நீங்கள் சொன்னால் போவார்கள்.

11. பதிவேடும் ரகசியமும்

நோயாளிக் குறிப்புகளை மூன்று ஆண்டாவது வைத்திருக்க வேண்டும். பூட்டுள்ள அலமாரி வாங்குங்கள். யாராவது வந்து "இந்த வாரம் யார் யார் வந்தார்கள், லிஸ்ட் கொடுங்கள்" என்று வாய்மொழியாகக் கேட்டால், எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்; டாக்டரும் டிரஸ்டும் பார்த்துப் பதில் தருகிறோம் என்று மரியாதையாகச் சொன்னால் போதும். எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை எப்போதும் கொடுக்கலாம், பெயரும் நோயும் அப்படி இல்லை. மனநலம், குடி, வீட்டு அடிதடி பற்றி வெளியே ஒரு வார்த்தை கசிந்தால் அடுத்த வாரம் அந்தத் தெருவே வராது.

இதற்கு முக்கியமான விலக்கு போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். பதினெட்டு வயது நிரம்பாத பெண் கர்ப்பமாக வந்தால், கல்யாணம் ஆனவள் என்று சொன்னாலும், காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் டாக்டர் மேல் வழக்கு. சிகிச்சை முதலில், தகவல் கூடவே. இதை ஆலோசனைக் குழுவிடம் முதல் கூட்டத்திலேயே சொல்லி வையுங்கள், பிறகு துரோகம் என்று நினைக்க மாட்டார்கள்.

12. நாளும் நேரமும்

காலை ஓ.பி. வைத்தால் வயதானவர்களும் குழந்தைகளும்தான் வருவார்கள். ஆண்கள் பெயிண்டிங், கூலி வேலைக்குப் போய் மாலையில்தான் திரும்புவார்கள். ஐந்தரை முதல் எட்டு வரை வையுங்கள். முகாம் குடும்பங்களுக்கு அரசு பணக்கொடை கொடுக்கும் நாளிலும் அதிகாரிகள் முகாமில் ஆள் சரிபார்க்க வரும் நாளிலும் யாரும் வர மாட்டார்கள். அந்தத் தேதிகளை முகாம் தலைவரிடம் மாதத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். திருவிழாவுக்கு டாக்டர் லீவு என்றால் ஒரு வாரம் முன்பே பலகையில் எழுதிவிட வேண்டும்; சர்க்கரைக்காரர்களுக்குக் கூடுதல் நாளுக்கு மாத்திரை கொடுத்து அனுப்ப வேண்டும்.

ஒரு பெரிய காலண்டர் வாங்கி டாக்டர் அறைச் சுவரில் மாட்டுங்கள். 12ஏ முறையான பதிவு, கிளினிக் சான்று, வாடகை ஒப்பந்தம், கழிவு ஆண்டறிக்கை, டாக்டரின் கவுன்சில் பதிவு, ஆக்சிஜன் சிலிண்டர் நிரப்பிய தேதி, கணக்குத் தணிக்கை. ஒவ்வொன்றும் முடிவதற்கு ஆறு மாதம் முன்னால் உள்ள தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் யார் பொறுப்பு என்று பெயரையும் எழுதிவிடுங்கள்.